அந்தக் கூட்டத்தில் நர்சம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். எத்தனை மணல் மூட்டை, எத்தனை ஜே.சி.பி., எத்தனை மரம் அறுக்கும் இயந்திரம், எத்தனை படகு, எத்தனை ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. வருவாய்த் துறை, மின்வாரியம், தீயணைப்பு, போலீஸ், நெடுஞ்சாலை என்று யார் யார் வந்தார்கள் என்பதும் இருந்தது. சுகாதாரத் துறைக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி, போதுமான மருந்துகள் இருப்பில் உள்ளன என்று. அந்த மருந்தை யார் எடுத்துக்கொண்டு, எந்த வழியாக நடந்து, எந்த வீட்டில் யார் கையில் கொடுப்பார் என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் முப்பது வருஷத்துக்கும் மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாரும் அந்தப் பதவிப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், நர்சம்மா என்பார்கள். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா, இதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கும் மேல் துணை நிலையங்கள் இருக்கின்றன. 1977 நவம்பர் புயலைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தேன். 2004 சுனாமியும் 2018 கஜா புயலும் வேலையில் இருக்கும்போது வந்தன.

கஜா கரையைக் கடந்தது நவம்பர் 16 விடியலுக்கு முன்னால், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். ஆனால் என் வேலை 13-ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டது. என்னிடம் ஒரு எண்பது பக்க நோட்டு எப்போதும் இருக்கும். அதில் தெருத் தெருவாக எழுதி வைத்திருப்பேன். இந்த மாதம் பிரசவத் தேதி உள்ளவர்கள் யார், இன்சுலின் போடுகிறவர்கள் யார், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் எந்த வீடு, வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளை எந்த வீடு, டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர் யார், பத்து நாளைக்குள் பிறந்த குழந்தை எங்கே இருக்கிறது என்று. அரசாங்கத்துக்காக எழுதும் பதிவேடு வேறு, இது எனக்காக எழுதிக்கொண்டது. அப்போதே கர்ப்பிணிப் பதிவெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. புயல் அடித்த மறுநாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, போனே ஒரு செங்கல் மாதிரிதான் கிடந்தது. அன்றைக்கு ஊரில் யாருக்கு என்ன உடம்பு என்று தெரிந்த ஒரே பொருள் பாலித்தீன் பையில் சுற்றி என் இடுப்பில் செருகியிருந்த அந்த நோட்டுதான்.

15-ஆம் தேதி மத்தியானம் ஒரு வீட்டுக்குப் போனேன். தலைப்பிரசவம், 37 வாரம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்பச் சொன்னதற்கு மாமியார் சம்மதிக்கவில்லை. “இன்னும் இருபது நாள் கிடக்கு நர்சம்மா, ஆட்டை யாரு பார்க்கிறது, கோழியை யாரு பார்க்கிறது” என்றார். நான் எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். காற்று அப்போதே ஒரு மாதிரி மாறியிருந்தது, தென்னை ஓலையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மாவே ஒரு கட்டைப் பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். “நீங்க போக மாட்டீங்கன்னு தெரிஞ்சிடுச்சு” என்றார். அந்தப் பெண்ணுக்கு அன்று ராத்திரி ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு நாள் கழித்துத்தான் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். வீணாக அலையவிட்டீர்களே என்று அந்த மாமியார் அப்புறம் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கூட. ஆனால் அன்றைக்கு ராத்திரி மூன்று மணிக்கு வலி எடுத்திருந்தால் அந்த ஊரிலிருந்து எந்த வண்டியும் வெளியே போயிருக்க முடியாது. ரோடு முழுக்க மரம். இந்த மாதிரி வேலையில் சரியாகச் செய்தது எதுவும் வெளியே தெரியாது, கணக்கிலும் ஏறாது. அதிகாரிகள் உட்காரும் கூட்டத்தில் யாரும் இதைப் பேசாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முகாமுக்கு மக்களைக் கூட்டிப் போவதும் இப்படித்தான். தாசில்தார் மைக்கில் சொன்னால் பாதிப் பேர் வருவார்கள். மீதிப் பேரை யாராவது வீட்டுக்குள் போய்ப் பேசித்தான் கிளப்ப வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணை வைத்திருப்பவர்கள் முகாமில் கக்கூஸ் எப்படி, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை வி.ஏ.ஓ.விடம் கேட்க மாட்டார்கள், என்னிடம்தான் கேட்பார்கள். தாழ்ப்பாள் இருக்கிறது என்று நான் பார்த்துவிட்டு வந்து சொன்னால் கிளம்புவார்கள். கஜாவுக்கு முன்னால் பல்லாயிரக்கணக்கானவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனதை எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். அதற்குள் இப்படி ஆயிரம் தாழ்ப்பாள் கேள்விகள் இருக்கின்றன.

புயல் அடித்த மறுநாள் காலை நாலு கிலோமீட்டர் தூரத்தை ஐந்து மணி நேரத்தில் கடந்தேன். விழுந்த மரத்தின் மேல் ஏறி, அடியில் குனிந்து, அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இருக்குமோ என்று பயந்து பயந்து. உப்பளத்துப் பக்கம் எது ரோடு, எது பாத்தி என்று தெரியவில்லை. வந்த காயங்களில் முக்கால்வாசி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் ஓடும் தகரமும் வெட்டியவை. சேற்றில் நடந்து வருகிறவர்களுக்குக் காலில் ஆணி. சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, டி.டி. ஊசி போட்டு, தையல் தேவைப்பட்டவர்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்தேன். காஸ் துணி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. ஒருவர் புது வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார், அதைக் கிழித்துக் கொதிக்கவைத்துக் காயப்போட்டுக் கட்டினோம். டாக்டர் குழு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வழி இருந்தால்தானே வருவார்கள். அந்த மூன்று நாளும் ஊருக்கு டாக்டர், கம்பவுண்டர், ஆம்புலன்ஸ் எல்லாமே நானும் அங்கன்வாடி டீச்சரும் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டரும்தான்.

டேங்க் ஆபரேட்டரைச் சொன்னது காரணமாகத்தான். வெள்ளம், புயல் என்றால் எல்லோரும் காயத்தைத்தான் நினைக்கிறார்கள், நர்சுக்கோ முதல் கவலை தண்ணீர். கரண்ட் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, ஜனங்கள் குளத்துக்கும் கைப்பம்புக்கும் போனார்கள். அப்புறம் ஊரே காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மோட்டார் போட்டது. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர், அதை முதலில் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அவசரத்தில் பொடியை அப்படியே கொட்டிவிடுவார்கள். ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும், கடைசித் தெருக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். தொட்டித் தண்ணீர் போகாத வீடுகளுக்கு 20 லிட்டருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று, அரை மணி நேரம் காத்திருந்து குடிக்கணும். மருந்து வாடை அடிக்கிறது என்று பாதிப் பேர் கொட்டிவிட்டுக் குளத்துத் தண்ணீரையே மொண்டு வந்தார்கள். வீடு வீடாக உட்கார்ந்து அவர்கள் கண்ணெதிரே அந்தத் தண்ணீரை நான் ஒரு சொம்பு குடித்துக் காட்டினேன். அந்த ஒரு மாதத்தில் என் ஊர்களில் வயிற்றுப்போக்கு பரவவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது உதவி செய்ய நினைக்கும் நல்ல மனசுக்காரர்களுக்கு. வெளியூரிலிருந்து லாரி லாரியாகப் பால் பவுடர் டின் வந்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே போனார்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண், அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று தானாக நினைத்துக்கொண்டு டின்னைத் திறப்பாள். சுத்தமான தண்ணீர் இல்லை, புட்டியைக் கொதிக்கவைக்க விறகு இல்லை, எல்லாம் நனைந்து கிடக்கிறது. மூன்றாம் நாள் குழந்தைக்குப் பேதி. தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, முகாமில் ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி, குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் பால் திரும்ப வந்துவிடும். நான் அந்த டின்களை எல்லாம் வாங்கிப் பூட்டி வைத்து, தாய் இல்லாத குழந்தைக்கும் உண்மையிலேயே பால் இல்லாதவர்களுக்கும் மட்டும் கொடுத்தேன். அதற்காக என்னைத் திட்டினார்கள். நர்சம்மா நிவாரணத்தைப் பதுக்குகிறார் என்று ஒருவர் கூட்டத்தில் கத்தினார். பால் பவுடருக்குப் பதில் நாப்கின், உள்ளாடை, பிளாஸ்டிக் குடம், கொசுவலை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அனுப்புங்கள். எதை அனுப்பலாம் என்று அந்த ஊர் நர்சிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள், வெள்ளத் தண்ணீரில் இறங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு. தன்னார்வலர்கள் அதை வாங்கி மிட்டாய் மாதிரி எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. யார் கர்ப்பிணி என்பது முகத்தில் எழுதியிருக்காது, மூன்று மாதத்தில் யாரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள். நர்சுக்குத் தெரியும்.

இதெல்லாம் முதல் பத்து நாள் கதை. எனக்கு உண்மையில் மனசு அடித்துக்கொள்வது அதற்குப் பிறகு வரும் மாதங்களை நினைத்துத்தான். முகாம் மூடியதும் பேரிடர் முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள்.

சுனாமியைச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் வீட்டிலும் கடற்கரையிலும் இருந்த நேரம். முதல் வாரங்களில் முகாம் முகாமாகத் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ திரவமும் கொடுத்தோம், நெருக்கமாகப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துவிடும் என்பதால். சில மாதம் கழித்து ஒரு மீனவப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர். இரண்டாவது பிறந்ததும் அவரைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனது நான்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படாதே என்று சொன்னதும் நான்தான். அவர் என் முகத்தைப் பார்த்து, “அதைத் திரும்பத் திறக்க முடியுமாமே, என்னைக் கூட்டிப் போறீங்களா” என்று கேட்டார்.

கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷனுக்கு அப்போது அரசே செலவை ஏற்று ஏற்பாடு செய்தது. ஆபரேஷன் செய்த எல்லோருக்கும் கர்ப்பம் தரிக்காது, வயசைப் பொறுத்தது, முதல் ஆபரேஷன் எப்படிச் செய்தார்கள் என்பதையும் பொறுத்தது. அதை அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டியதும் நர்ஸ்தான். ஆசையை வளர்த்தும் விடக் கூடாது, கையை விரித்தும் விடக் கூடாது. மாதா மாதம் தள்ளிப்போகிறதா என்று கேட்டு, இல்லை என்று அவர்கள் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னோடு வந்த அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இரண்டு வருஷம் ஒவ்வொரு மாதமும் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு நான் போனதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் அப்போது மனநல ஆதரவுப் பயிற்சி கொடுத்தார்கள், பேசவிட்டுக் கேட்கணும், அழாதே என்று சொல்லக் கூடாது என்று. எனக்கு அது நிறைய உதவியது. ஆனால் ஒரு பேரிடர் வந்த பிறகு நாலு நாள் பயிற்சி என்பதற்குப் பதில், நர்சிங் படிக்கும்போதும் வேலையில் சேர்ந்த பிறகும் வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

கஜாவில் எனக்கு இன்னொரு அனுபவம், அதில் தப்பு என் பக்கமும் உண்டு. தோப்பு முழுக்கப் படுத்துவிட்ட ஒரு தென்னை விவசாயி. தென்னை வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், அவருக்கு வயசு அறுபதுக்கு மேல். பி.பி. மாத்திரை வீட்டோடு நனைந்து போய்விட்டது. முகாமில் வந்த மருத்துவக் குழு காய்ச்சல் இருக்கா, பேதி இருக்கா என்று கேட்டது, இல்லை என்றார், அனுப்பிவிட்டார்கள். என் நோட்டில் அவர் பெயர் இல்லை, அவர் தனியார் டாக்டரிடம் மாத்திரை வாங்குகிறவர். இரண்டு மாதம் மாத்திரை இல்லாமல், தூக்கமும் இல்லாமல், பொங்கலுக்கு முன்னால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. செத்தவர்கள் கணக்கில் அவர் வர மாட்டார், புயலில் காயம்பட்டவர் கணக்கிலும் வர மாட்டார். இப்போதும் கட்டிலில்தான் இருக்கிறார்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் வீட்டுக்கே மாத்திரை போகிறது, யார் யார் என்ற பட்டியலும் இருக்கிறது. அப்படியானால் செப்டம்பர் கடைசியில் கொடுக்கும்போதே கடலோர ஊர்களுக்கும் ஆற்றங்கரை ஊர்களுக்கும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக, தண்ணீர் புகாத ஜிப் கவரில், மருந்துச் சீட்டின் நகலோடு கொடுத்துவிடலாமே. இன்சுலின் வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு தடவை செய்து காட்டிவிடலாம். குப்பியைச் சின்ன டப்பாவில் போட்டு, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைத்தால் போதும், திறந்த குப்பி நாலு வாரம் தாங்கும். தனியார் டாக்டரிடம் பார்க்கிறவர்கள் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று விட்டுவிடாமல், அக்டோபர் முதல் தேதிக்குள் ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் காகிதத்தில் அச்சடித்துக் கொடுங்கள். ஒன்று நர்சிடம், ஒன்று பஞ்சாயத்துச் செயலரிடம், ஒன்று முகாம் நடக்கப்போகும் பள்ளிக்கூடத்தில்.

பேரிடர் எங்கள் பக்கம் மட்டும் வருவதில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கானவர்களில் ஒரு கர்ப்பிணியை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள். டி.வி.யில் பார்த்துக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் சூழ்ந்த கிராமங்களில் அன்றைக்கு எத்தனை கர்ப்பிணிகள் இருந்திருப்பார்கள், அவர்களில் யாருக்கு ஒன்பதாம் மாதம் என்று படகில் போகிறவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. படகில் ஒரு இடம் உள்ளூர் நர்சுக்கு ஒதுக்கினால் முதலில் எந்த வீடு என்று அவர் கையைக் காட்டுவார்.

பேரிடரில் நர்ஸ் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சர்வதேச செவிலியர் கவுன்சில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2009-லேயே வகுத்து, 2019-ல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. முன்னேற்பாடு, திட்டமிடல், தகவல் சொல்வது, மீட்பு, மறுவாழ்வு எல்லாம் அதில் உண்டு. அடிப்படைப் படிப்பு முடித்த எந்த நர்சுக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. எங்களில் எத்தனை பேருக்கு அதை யாராவது காட்டினார்கள்? எனக்கு ஓய்வு பெற்ற பிறகு ஒரு நர்சிங் கல்லூரி ஆசிரியை சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் இந்த நர்சுகளையும் கொஞ்சம் நினையுங்கள். கஜாவில் என் வீட்டு ஓடும் பறந்தது. நான் வீட்டுக்குப் போனது நாலாம் நாள், அதுவரை என் மகள்தான் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு என் மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். என் ஊர்களோடு, ஆள் இல்லாத பக்கத்துத் துணை நிலையத்தையும் கூடுதல் பொறுப்பாக அப்போது நான்தான் பார்த்தேன், பத்தாயிரம் பேருக்கு ஒருத்தி. அதற்குள் மேலேயிருந்து அறிக்கை கேட்டு ஆள் அனுப்புகிறார்கள், காய்ச்சல் எத்தனை, பேதி எத்தனை என்று. நான் உட்கார்ந்து எழுதவா, கட்டுப் போடவா? பாதிக்காத மாவட்டத்திலிருந்து இரண்டு நர்சுகளை மூன்றாம் நாளே அனுப்பினால், உள்ளூர் நர்ஸ் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வழி காட்டுவார். காலணி, மழைக்கோட்டு, டார்ச், சார்ஜ் போட்ட பவர் பேங்க், காஸ், சலைன், டி.டி., குளோரின் மாத்திரை வைத்த ஒரு தண்ணீர் புகாத பை, இது பெரிய செலவா? எத்தனையோ லட்சத்துக்கு மரம் அறுக்கும் இயந்திரம் வாங்குகிறோம், அதுவும் வேண்டும்தான், இதையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்த முன்னெச்சரிக்கைக் கூட்டத்துக்கு உங்கள் நிருபர் போனால், ஒரே ஒரு கேள்வியை எனக்காகக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த மாவட்டத்தில் நவம்பர் மாதம் பிரசவத் தேதி உள்ளவர்கள் எத்தனை பேர், அதில் தாழ்வான பகுதியில் எத்தனை பேர்? அங்கே யாருக்கும் பதில் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். என் நோட்டை, ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவர் இப்போது மூன்றாவது நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்